மூன்று தரம் எட்டிப் பார்த்தால் போதும்

இந்தக் கதையை வெளியே சொல்ல எனக்கு மூன்று நிபந்தனைகளோடுதான் அனுமதி கிடைத்தது. பிள்ளையின் பெயர் வரக்கூடாது. பாடசாலையின் பெயர் வரக்கூடாது. மூன்றாவது, அக்கா போட்டது: அந்தக் கிழமை வீடு கிடந்த கோலத்தை எழுதக்கூடாது. முதல் இரண்டையும் காப்பாற்றுகிறேன். மூன்றாவதைக் காப்பாற்றினால் எழுத ஒன்றும் மிஞ்சாது.

மன்னாரில் வாசாப்புக் கூத்து ஆடும் இரவுகளில் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ராசா அரை முகத்துக்கு மட்டும் பூச்சுப் பூசிக்கொண்டு பீடி குடிப்பார். ராணி அவசர அவசரமாக மீசையை வழிப்பார். சின்ன வயதில் இருந்தே எனக்கு மேடையை விட அந்த இடம்தான் பிடிக்கும். போன மார்கழியில் பேசாலையில் அக்கா வீடு அசல் அப்படித்தான் கிடந்தது. சாப்பாட்டு மேசையில் இரவல் லப்டொப். அதன் வயர் மீன் வெட்டும் பலகையைத் தாண்டிப் போய் அம்மம்மாவின் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிய இடத்தில் ஏறியிருந்தது. சாதாரணதரப் பெறுபேற்றுத் தாள் வாடைக்காற்றில் பறக்காமல் இருக்க அதன் தலையில் ஒரு முற்றிய தேங்காய். தேர்ச்சி அறிக்கைகள் ஒடியல் கடகத்துக்குள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்: "சித்தி இதில கை வைக்க வேண்டாம்."

வைக்காமல் இருப்பேனா!

என் பெறாமகள், உயர்தரம் கணிதப் பிரிவு, அமெரிக்காவில் நடக்கும் 'சமர் சயன்ஸ் புரோகிராம்' என்ற கோடைகால ஆய்வு முகாமுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான முகாம்களில் இதுவும் ஒரு கிழவி. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை வானத்துக்கு அனுப்ப, அமெரிக்காவுக்கு நித்திரை போனது. அந்தப் பதற்றத்தில் முளைத்தவற்றில் ஒன்று, 1959 கோடையில் கலிபோர்னியாவின் ஓஹாய் ஊரில், தாச்சர் என்ற பாடசாலையில் தொடங்கியது. பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் மாதிரி ஆட்கள் விருந்தாளியாக வந்து பிள்ளைகளோடு கதைத்துவிட்டுப் போன இடம். 1969இல் அங்கே இருந்த பிராங்க்ளின் அன்டோனியோ என்ற பையன் பின்னாளில் குவல்கொம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2022இல் இறந்தபோது அந்த முகாமுக்கு அவர் எழுதி வைத்திருந்த தொகை சுமார் 20 கோடி டொலர். படித்த பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுக்கிற பழைய மாணவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இது வேறு சாதித் தாங்கி.

அங்கே என்ன நடக்கும்? ஐந்தாறு கிழமை. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, பூமிக்குக் கிட்ட வரும் சிறுகோள் ஒன்றைத் தொலைநோக்கியால் இரவில் படம் பிடிக்க வேண்டும். அது எந்த இடத்தில் இருந்தது என்று அளக்க வேண்டும். அது சூரியனைச் சுற்றும் பாதையைத் தாங்களே எழுதிய கணினி நிரலால் கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த அளவுகள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகும். உலகத்தின் சிறுகோள் கணக்குப் பிள்ளை அந்த மையம்தான். உயிர் இரசாயனம், மரபணு என்று வேறு பிரிவுகளும் இப்போது உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம், கல்தான் வேண்டும். எந்த நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் குடும்ப வசதியைப் பார்த்துத்தான். ஆனால் விண்ணப்பிக்கிறவர்களில் பத்தில் ஒருவருக்கு இடம் கிடைத்தாலே பெரிது.

இன்னொரு பிரபல முகாமும் இருக்கிறது, ஆர்.எஸ்.ஐ. அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்குத் தகப்பன் என்று சொல்லப்படும் அட்மிரல் ரிக்கோவர் பின்னணியில் நின்று 1984இல் தொடங்கியது, இப்போது எம்.ஐ.டி.யில் நடக்கிறது, முற்றிலும் இலவசம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்குத் தங்கள் நாட்டு அமைப்பு ஒன்றின் வழியாகப் போக வேண்டும். ஆகவே எங்கள் மேசையில் அந்த விண்ணப்பம் இல்லை.

முதல் தடங்கல் 'கோடை' என்ற சொல்லில் வந்தது. "ஏன், அங்க மட்டும்தான் வெயிலோ?" என்றா அம்மம்மா. மன்னார்த் தீவில் காலத்தைக் காற்றால்தான் சொல்வோம்: வாடை, சோளகம், கச்சான். மற்றதெல்லாம் வெயில். ஆனால் அக்காவின் கவலை அதைவிடப் பெரியது. எங்கள் பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கும், விடுமுறை சித்திரையிலும் ஆவணியிலும் மார்கழியிலும். அமெரிக்கக் கோடை வந்து விழுவது இரண்டாம் தவணையின் நட்ட நடுவில். "உயர்தரச் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை ஆறு கிழமை டியூசனை விட்டுட்டு வானத்தைப் பார்க்கப் போறதோ? கம்பசுக்கு வேண்டிய இஸட் புள்ளியை ஆர் குடுப்பினம், அந்தக் கல்லோ?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாததால் தேத்தண்ணி போட எழும்பினேன்.

அத்தான்தான் இந்த வழக்கைத் தீர்த்து வைத்தார், அதுவும் தற்செயலாக. அவர் கடலுக்குப் போகிறவர். ஒரு இரவு வலை பொத்திக்கொண்டிருந்தபோது மகளிடம் கேட்டார்.

"உந்தக் கல்லை எத்தினை நாள் பார்க்கோணும்?"

"ஆகக் குறைஞ்சது மூண்டு தரம், அப்பா. ஒவ்வொரு தரமும் ரெண்டு எண் கிடைக்கும். வானத்தில குறுக்க எவ்வளவு, நெடுக்க எவ்வளவு. மூவிரண்டு ஆறு. ஒரு பாதையைச் சொல்ல ஆறு எண்தான் வேணும்."

"தூரம்?"

"தூரம் தெரியாது."

அத்தான் ஊசியை வைத்துவிட்டார். "தூரம் தெரியாமப் பாதை சொல்லுவியோ? இரவில கடலில ஒரு லைற் தெரிஞ்சா அது கிட்டவோ எட்டவோ எண்டு எனக்கே சொல்ல ஏலாது. முப்பது வருசமாப் போறன்."

பிறகு அவரே சொன்னார், கடலுக்கடியில் பார் கிடக்கிற இடத்தை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது என்று. கரையில் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட பனையும் ஒரே நேரில் வந்தால் அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளம் நேரில் வந்தால் அது மற்றக் கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் வலை. ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளை கதிரையில் இருந்து எழும்பியே விட்டாள். "அதேதான் அப்பா! நாங்கள் நிண்ட இடத்தில நிக்கேல்ல. பூமி ஓடிக்கொண்டிருக்கு. அடுத்த கிழமை பார்க்கேக்க நாங்கள் வேற இடத்தில நிண்டு பார்க்கிறம். பூமிதான் எங்கட படகு."

"சரி. ஆனா அதுவும் ஓடுதே. எந்தப் பக்கம் திரும்பும் எண்டு எப்படித் தெரியும்?"

"அதுக்கு எஞ்சின் இல்ல. சூரியன் இழுக்கிற இழுவைக்குத்தான் ஓடும். நினைச்ச பக்கம் திரும்ப ஏலாது."

அத்தான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அது எங்கட ஆக்களை விட ஒழுங்கு" என்றார். அன்றைக்கு வழக்குத் தீர்ந்தது. அக்கா மட்டும் மேன்முறையீடு செய்துகொண்டே இருந்தாள்.

இந்த மூன்று பார்வைக் கணக்கு, கணித மேதை கவுஸ் போட்டது. 1801 ஜனவரி 1ஆம் திகதி சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாட்சி என்பவர் சீரீஸ் என்ற சிறுகோளைக் கண்டார். சில கிழமை பின்தொடர்ந்தார். பிறகு அது சூரியனின் பக்கம் போய் மறைந்தது, திரும்ப எங்கே வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 24 வயது கவுஸ் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த ஆண்டின் கடைசி இரவில் அவர் சொன்ன இடத்துக்குக் கிட்ட அது அகப்பட்டது. அந்த 1801ஆம் ஆண்டை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அரிப்பு! மன்னார்ப் பாலம் தாண்டித் தெற்கே போனால் அந்த ஊர்க் கடற்கரை மண்மேட்டில் இடிந்து கிடக்கும் மாளிகை. பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்த்திருக்க 1801இல் கட்டத் தொடங்கியது. ஊரில் அதற்குப் பெயர் அல்லிராணிக் கோட்டை. ஐரோப்பாவில் ஒருவர் தொலைந்த கல்லைக் கணக்கில் தேட, இங்கே ஒருவர் முத்துச் சிப்பியை எண்ணத் தூண் எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "சித்தி, விண்ணப்பத்துக்கு 500 சொல்லுத்தான்" என்றாள். சரி, அவளுக்கு வேண்டாம் என்றால் உங்களுக்குச் சொல்கிறேன்.

இனி ஒழுக்கக் கதை. இலங்கைப் பாடநூல்களில் சுற்றுப்பாதைக்கு 'ஒழுக்கு' என்று ஒரு பெயர் உண்டு. விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் போக வேண்டும் என்று சொன்னதும், பௌதிகவியல் ரீச்சர் சந்தோசமாக எழுதிக் கொடுத்தது ஒழுக்கத்தைப் பற்றி. ஒரு பந்தி. 'இவர் நன்னடத்தையும் நல்லொழுக்கமும் உடையவர், பாடசாலைச் சட்டதிட்டங்களுக்கு அமைந்து நடப்பவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' கீழே ஒப்பம், திகதி. இருபது வருடமாக வங்கிக்கும் கம்பனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அவர் எழுதிக் கொடுத்த அதே கடிதம். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது, இந்த நாட்டில் ஒருவரும் ஆசிரியர்களிடம் வேறு கடிதம் கேட்டதில்லை.

அக்காவும் நானும் ரீச்சர் வீட்டுக்குப் போனோம். பிள்ளையைக் கூட்டிப் போகவில்லை. ரீச்சர் எழுதுவதை அவள் பார்க்கக்கூடாது, கடிதம் நேரே அங்கே போக வேண்டும். ரீச்சரின் ஈமெயில் முகவரி உண்மையில் அவருடைய மகனுடையது, மகன் கட்டாரில், கடவுச்சொல் மகனிடம். அதை ஒரு பக்கம் வைப்போம். "என்னத்தை எழுதிறது?" என்று கேட்டார். "இவள் உங்களோட எப்பவாவது மல்லுக்கு நிண்டிருக்கிறாளா?" என்றேன்.

ரீச்சர் சிரித்துவிட்டார். எளிய ஊசல் பரிசோதனை. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, அலைவு நேரம் எடுத்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண வேண்டும். விடை 9.8 என்று எல்லாருக்கும் முதலே தெரியும், ஆகவே எல்லாருக்கும் 9.8தான் வரும்! வராவிட்டால் வர வைப்பார்கள், நாங்களும் அந்தக் காலத்தில் வர வைத்தவர்கள்தானே. இவளுக்கு வந்தது 9.5. பக்கத்துப் பிள்ளை "ரெண்டு இடத்தில மாத்து" என்று காதுக்குள் சொல்லியிருக்கிறாள். இவள் மாற்றவில்லை. மணி அடித்தது. எல்லாரும் போனார்கள். இவள் போகவில்லை. திரும்பக் கட்டி, திரும்ப ஆட்டி, மறுபடியும் 9.5. ஆய்வுகூடத்தைப் பூட்டத் திறப்போடு நின்ற ரீச்சர் சத்தம் போட்டிருக்கிறார். ஐந்து மணிக்குப் பிறகுதான் பிழை அகப்பட்டது. நூலின் நீளத்தைக் குண்டின் தலை மட்டும்தான் அளந்திருந்தாள், நடு மட்டும் அளந்திருக்க வேண்டும். 50 சென்ரிமீற்றரில் ஒன்றரை குறைந்தால் 9.8, 9.5 ஆகிவிடும்.

"இதையெல்லாம் எழுதலாமோ?" என்று ரீச்சர் கேட்டார். "திறப்போட நிண்டதையும் சேர்த்து எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர் எழுதியது என்ன என்று எனக்கும் தெரியாது. கட்டாரில் இருக்கிற மகனுக்குத் தெரியும்.

கட்டுரைதான் உண்மையான பிரசவ வலி. முதல் வரைவு: 'இந்து சமுத்திரத்தின் முத்தாம் இலங்கையின் வடமேற்கே மன்னார் எனும் எழில்மிகு தீவு அமைந்துள்ளது.' ஆங்கிலத்தில் எழுதினாலும் இதையேதான் எழுதியிருந்தாள். கழுதைகள், பெருக்கமரம், கருவாடு, பனை, திருக்கேதீஸ்வரம், மடு மாதா, எல்லாம் வரிசையாக வந்தன. அவள்தான் வரவில்லை. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பி எடுக்கப் போன இடத்தில் இந்த வரைவைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஊர்க்கழுதை ஒன்று வந்து ஓரத்தை மோந்தது. மன்னார்க் கழுதைகளைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. கற்பூர வாசனை தெரியாது என்று கழுதையைப் பழிக்கிறோம். கட்டுரையின் தரம் அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவது வரைவு கனடாவில் இருந்து வந்தது. பெரியப்பா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார், ஆறு நிமிடம். "சண்டையைப் பற்றி எழுது. இடம்பெயர்ந்ததை எழுது. வாசிக்கிறவன் அழோணும்." பெரியப்பாவின் அன்பைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யுத்தம் முடிந்த 2009இல் இவள் நடை பழகிக்கொண்டிருந்த குழந்தை. தாயும் தகப்பனும் பட்டதை இவள் தன் பெயரில் எழுதி அனுப்புவதா? அவள் எழுதிப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் தானே அழித்தாள். "அது அம்மான்ர கதை சித்தி, அம்மாட்டக் கேக்காம எழுத ஏலாது." அந்தக் கட்டுரை போயிருந்தால் இடம் நிச்சயம் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும்.

மூன்றாவது வரைவுக்குக் காற்று வர வேண்டியிருந்தது.

பேசாலையில் இருந்து தெற்கே பார்த்தால் நடுக்குடாப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. தம்பபவனி என்று பெயர். 2020 மார்கழியில் திறந்தார்கள், 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று. ஊரில் அவற்றைப் பற்றி இரண்டு கட்சி உண்டு, அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். ஒரு பின்னேரம் இவளைக் காணவில்லை என்று தேடிப் போனால், மணலில் மல்லாக்கப் படுத்துக் கிடக்கிறாள்! ஒரு கையில் தொலைபேசி, மறு கை விரலை மடக்கி மடக்கி எண்ணுகிறாள். நான் வாயைத் திறக்க, "உஷ்!" என்றாள். நானும் பக்கத்தில் படுத்தேன். இறக்கை கோபுரத்துக்குக் குறுக்கே வரும்போதெல்லாம் ஒன்று. மூன்று இறக்கை, ஆகவே மூன்று வந்தால் ஒரு சுற்று. முப்பது எண்ணி முடித்தாள். அறுபது செக்கன். ஒரு சுற்றுக்கு ஆறு செக்கன்.

"சோம்பேறி" என்றேன்.

"சித்தி, அந்த வட்டத்தின்ர விட்டம் 126 மீற்றர்." மணலிலேயே விரலால் எழுதினாள். விட்டத்தைப் பையால் பெருக்கினால் 396 மீற்றர். ஆறால் பிரித்தால் செக்கனுக்கு 66. மணிக்கு என்று பார்த்தால்... மணலில் இடம் போதாமல் என் கால் பக்கம் வந்துவிட்டாள். 237 கிலோமீற்றருக்கு மேல்! தலைமன்னாருக்கு வருகிற ரயில் பக்கத்தில் நின்றால் வெட்கப்படும். கண்ணுக்கு ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி இருக்கிற அந்த இறக்கையின் நுனிதான் அந்த ஓட்டம் ஓடுகிறது. நான் எழும்பி உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். அதே ஆட்டுக்கல்தான். நம்ப முடியவில்லை.

"அப்ப," என்றாள் அவள், "வங்காலைப் பக்கம் பறக்கிற பூநாரைக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியிற மாதிரி மெதுவாவா? கிட்ட வந்தாப் பிறகுதான் வேகம் எண்டு விளங்குமா?" வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2010இல் ராம்சார் ஈரநிலமானது. மத்திய ஆசியப் பறவைப் பாதையில் வருகிற கூட்டம் இறங்கும் இடம். பாடசாலையில் அது 'இரண்டு புள்ளி வினா'. அவளுக்கு அப்போதுதான் அது ஒரு பறவையின் கண்ணாக மாறியது.

அன்றிரவு எழுதியதுதான் போனது. தூரத்தில் இருக்கிற வேகம் மெதுவாகத்தான் தெரியும் என்று தொடங்கியிருந்தாள். காற்றாலை நுனி, பறவை, பிறகு சிறுகோள். இரண்டு படத்தை அடுத்தடுத்து வைத்தால் ஒரு புள்ளி கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். உண்மையில் அது செக்கனுக்குப் பல கிலோமீற்றர் போய்க்கொண்டிருக்கும். அவளுக்குப் பதில் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதி முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. ஒன்றைத் திருத்தினேன். மற்றது எனக்குப் பிடித்திருந்தது, விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு நாள் துவண்டு போய், "எங்கட ஊரில என்ன ஆராய்ச்சி கிடக்கு, அவங்கள் என்னத்தை மதிப்பாங்கள்" என்று இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் கப்பலேறி வந்தது எந்தக் கடலைப் பார்க்க? இந்தக் கடலைத்தான். முத்துச் சிப்பி ஏன் சில வருடம் கொட்டிக் கிடக்கிறது, சில வருடம் காணாமல் போகிறது என்று அரசாங்கத்துக்கு விளங்கவில்லை. அவரும் உதவியாளர் ஹோர்னெலும் வந்து பார் பாராகப் பார்த்தார்கள். 1903 முதல் 1906 வரை லண்டன் ரோயல் சொசைற்றி அந்த அறிக்கையை ஐந்து பாகமாக வெளியிட்டது. நல்ல முத்தின் நடுவில் இருப்பது நாடாப்புழுவின் குடம்பி என்று அவர்கள் எழுதினார்கள். ராணிகளின் கழுத்தில் தொங்கியது புழுவின் கல்லறை! பிற்காலத்தில் அந்தக் கருத்தோடு மற்றவர்கள் சண்டை பிடித்தார்கள் என்பது வேறு கதை. "அவர் விண்ணப்பம் போட்டவரோ?" என்று கேட்டாள். இல்லை, கூப்பிட்டுத்தான் வந்தார். "அப்ப அவருக்கு லேசு" என்றாள். துவட்சி தெளிந்துவிட்டது.

ஆவணப் படலத்தை வேகமாகக் கடப்போம், இல்லாவிட்டால் எனக்கு மறுபடி தலையிடி வரும். எங்கள் தேர்ச்சி அறிக்கையில் புள்ளி உண்டு, வகுப்பு நிலை உண்டு, அவர்கள் கேட்கிற ஜி.பி.ஏ. இல்லை. தமிழில் உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அதிபரின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும். பாடசாலை மார்கழி விடுமுறையில். முத்திரை அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு எழுதுவினைஞரிடம். எழுதுவினைஞர் மடுவுக்கு நேர்த்திக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தால் மைப்பெட்டி காய்ந்து கருவாடாகக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத்தான் அந்த முத்திரை விழுந்தது. அமெரிக்காவில் அந்தப் பக்கத்தை யாராவது மோந்து பார்த்தால் வாசம் வரும்.

கடைசி இரவு. அதாவது, கடைசி இரவு எது என்பதிலேயே பெரிய சண்டை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு என்றால் மன்னாரில் காலை 10.30, மேற்குக் கரை என்றால் பிற்பகல் 1.30. மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னார்கள். "ரெண்டு நாள் முந்தியே அனுப்பு" என்று அம்மம்மா தீர்ப்புச் சொன்னா, அதுவே சரியான கணக்கு.

அனுப்பும் பொத்தானை யார் அமத்துவது? பிள்ளையின் தம்பி தான்தான் என்றான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி டியூசனுக்கு நேரமாகிறது என்றாள். பிள்ளை அப்பா வரட்டும் என்று இருந்துவிட்டாள். விடிய ஐந்தரைக்கு அத்தான் கரைக்கு வந்தார். மீனை இறக்கி வைத்துவிட்டு, கைகூடச் சரியாகத் துடைக்காமல் நேரே மேசைக்கு வந்தார். விரலை வைத்தார். ஒன்றும் அசையவில்லை. உப்புத் தண்ணிக் கை, லப்டொப்புக்குப் பிடிக்கவில்லை. சரத்தில் துடைத்துவிட்டு இன்னொரு தரம். இல்லை. அக்கா, டியூசனை ஆறு கிழமை விடாதே என்று இரண்டு மாதம் கத்திய அதே அக்கா, தன் சேலைத் தலைப்பால் அந்த விரலைப் பிடித்து அழுத்தித் துடைத்துவிட்டாள். மூன்றாம் தரம் போனது.

அம்மம்மா சிலுவை போட்டுவிட்டு ரேடியோவைத் திரும்பப் பிளக்கில் சொருகினா.

இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை. பிள்ளை இப்போது கச்சான் வரட்டும் என்று காத்திருக்கிறாள், காற்றுக் கூடும்போது இறக்கை எத்தனை செக்கனில் சுற்றுகிறது என்று திரும்ப எண்ண. தேசிய விஞ்ஞான மன்றம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஆய்வுப் போட்டிக்கு அந்தக் கணக்கைக் கொடுக்கலாமா என்று ரீச்சரைக் கேட்டிருக்கிறாள். ரீச்சர் தனக்கென்று சொந்தமாக ஒரு ஈமெயில் திறந்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் வந்து முடிந்துவிடும். அதிபரின் முத்திரையை மூன்றாம் தவணை பூட்டுமுன் குத்தி எடுத்து வையுங்கள். மைப்பெட்டியையும் ஒருக்கால் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.